ஒயிட் பேர்ட் இறக்கத்துக்கு முன்

கார்லிஸ் ஆமண்ட்சனை எனக்குப் பதினேழு வருஷமாகத் தெரியும். லூயிஸ்டனில் ஆற்றோரச் சாலையிலிருக்கும் டிரெய்லர் கடையில் அவள் பிரேக் வேலை பார்க்கிறாள். நான் வோண்டா, முன்பக்கம் உதிரிபாகக் கவுண்டரில் நிற்கிறேன். வருகிற போனையெல்லாம் எடுப்பது நான்தான். அதனால் அவள் வாழ்க்கையில் நடந்த ஒரு விஷயத்தை அவளுக்கு முன்னாலேயே நான் கேட்டேன்.

முன்பெல்லாம் போன் எடுத்தால் ஒரே கேள்விதான் வரும். "கார்லிஸ் இருக்காங்களா?" மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில் அது மாறத் தொடங்கியது. "அந்த டெக்சஸ்காரர் இருக்காரா?"

எங்கள் ஊரில் படகில்லாத வீடு குறைவு. ஸ்நேக் ஆற்றில் எதிரோட்டத்தில் ஏறிப் போகிற அலுமினியப் படகுகள். டிரெய்லரோடு சேர்த்தால் நாலு டன் வரும். எந்தப் பக்கம் கிளம்பினாலும் மலை. ஏற்றத்தை எஞ்சின் பார்த்துக்கொள்ளும், இறக்கத்தைப் பிரேக்தான் பார்க்க வேண்டும். படகு டிரெய்லர் தண்ணீரில் முங்கி முங்கி எழுவதால் சாதாரணக் காந்த பிரேக் அதில் நிலைக்காது. ஆகவே டிரெய்லரின் முன்கழுத்தில் ஒரு பம்ப் பெட்டி வைத்திருப்பார்கள். ஓட்டுகிறவர் பிரேக்கை மிதித்தால் டிரக்கிலிருந்து ஒரு நீல ஒயர் வழியாக மின்சாரம் வரும். பெட்டி அதை வாங்கி, எண்ணெயை அழுத்தி, சக்கரங்களைப் பிடிக்கும். அந்த மின்சாரத்தை அளந்து அனுப்புகிற கன்ட்ரோலரை முன்பு நாங்கள் தனியாக வாங்கி டாஷ்போர்டுக்குக் கீழே மாட்டுவோம். இப்போது டிரக் வரும்போதே அது உள்ளே இருக்கிறது. வம்பு அங்கேதான் தொடங்கியது. எல்லா டிரக்கும் எல்லாப் பெட்டியோடும் ஒத்துப்போவதில்லை. சில டிரக்குகள் பெட்டியை அடையாளமே கண்டுகொள்ளாது. சில முதல் பத்து மைல் ஒத்துப்போய்விட்டு அப்புறம் முகம் திருப்பிக்கொள்ளும்.

எது எதோடு சேரும் என்பது கார்லிஸுக்குத் தெரியும். எந்த வருஷத்து டிரக், எந்தப் பெட்டி, என்ன தகராறு, எதனால் தீர்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நோட்டு அவளுடைய கருவிப் பெட்டியின் கடைசி இழுப்பறையில் பூட்டிக் கிடக்கும். கடை முதலாளி கோர்டி லிண்ட்குவிஸ்ட்டே அதைத் திறந்து பார்த்ததில்லை. மிசூலாவிலிருந்து ஆட்கள் நாலு மணி நேரம் ஓட்டிக்கொண்டு அவளிடம் வருவார்கள். அவள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் சொல்லத் தேவைப்படவில்லை.

டுவெய்ன் புரூயிட் வந்து சேர்ந்தபோது அவனுக்கு நாற்பத்தெட்டு வயது, கார்லிஸுக்கு ஐம்பத்திரண்டு. டெக்சஸ் கடற்கரையில் இருபது வருஷம் உப்புத் தண்ணீர்ப் படகுகளோடு கிடந்தவன். மனைவி இறந்த பிறகு மகள் இருக்கிற ஊரென்று இங்கே வந்தான். நன்றாகப் பேசுவான். பெண்களை எல்லாம் "மேடம்" என்பான். அவனுக்கு அது ஊர் வழக்கம்.

"என்னை மேடம்னு கூப்பிடாதே," என்றாள் கார்லிஸ் முதல் நாளே. "உனக்கும் எனக்கும் நாலு வயசுதான் வித்தியாசம்."

"சரிங்க மேடம்," என்றான் அவன். வாய் தவறித்தான் வந்தது. கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு படகு டிரெய்லர் வந்தது. பிரேக் ஒரு நேரம் பிடிக்கிறது, ஒரு நேரம் பிடிக்கவில்லை. கார்லிஸ் மீட்டரை எடுத்துவரப் போயிருந்தாள். டுவெய்ன் பெட்டியின் மேல் கையை வைத்து, டிரக்கில் இருந்தவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டான். "மோட்டார் முனகுது, எர்த் ஒயர் துருப்பிடிச்சிருக்கு," என்றான். அவள் மீட்டரோடு திரும்பி வந்தபோது அவன் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். வண்டிக்காரர் அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். மீட்டரைக் கையில் பிடித்தபடி அவள் நின்ற நிலையை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பரிமாறப் போன இடத்தில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்துவிட்டால் எப்படி நிற்போமோ, அப்படி.

அதற்குப் பிறகு அவள் செய்தவற்றை அவளே பின்னால் என்னிடம் சொன்னாள். மதியம் டுவெய்ன் சாப்பிடப் போனதும் அவன் முடித்த வேலைகளுக்குக் கீழே படுத்துப் பார்ப்பாளாம். எங்காவது ஒரு நட்டு தளர்ந்திருக்காதா, ஒரு ஒயர் உரசாதா என்று. ஒன்றும் அகப்படவில்லை. "ஒரு தப்பாவது அகப்பட்டிருந்தா என் வயிறு குளிர்ந்திருக்கும் வோண்டா," என்றாள். ஒயரை அவன் சுற்றி மடித்திருந்த விதம் அவளுடையதைவிட அழகாக வேறு இருந்ததாம்.

கடைக்குள் நடந்ததையாவது தாங்கிக்கொண்டிருப்பாள். அது வீட்டுக்குள்ளும் வந்தது. அவள் கணவன் ஹால் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மீன்பிடிப் பைத்தியம். டுவெய்னுக்கும் அதே பைத்தியம். ஒரு நாள் ஹால் அவளைக் கூட்டிப்போகக் கடைக்கு வந்தபோது இருவரும் தூண்டிலைப் பற்றிப் பேசத் தொடங்கி அரை மணி நேரம் நின்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டுவெய்ன் அவர்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து காட்டுமான் கறிக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஹாலுக்கு அன்று என்ன தோன்றியதோ, "ஆமா, இந்த டிரக்குக்குள்ளேயே இருக்கிற கன்ட்ரோலர்னு சொல்றாங்களே, அது என்னய்யா?" என்று கேட்டான். டுவெய்ன் உப்புப் புட்டியை டிரக்காகவும் ரொட்டிக் கூடையை டிரெய்லராகவும் வைத்து, நடுவே கரண்டியை ஒயராக்கி விளக்கினான். ஹால் வாயைப் பிளந்து கேட்டான். இரண்டு தடவை, "அட, அப்படியா?" என்றான்.

கார்லிஸ் எழுந்து தட்டுகளை எடுத்தாள். இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவளுடைய தொழிலைப் பற்றி ஹால் கேட்ட முதல் கேள்வி அது. கேட்டது அவளிடம் இல்லை. தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கொதிக்கிற அளவுக்குச் சூடாக விட்டு, கையை அதற்குள் வைத்துக்கொண்டு நின்றாளாம். "கை எரியறது தேவலைன்னு இருந்தது," என்றாள்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மார்வ் டாலெஃப்சன் வந்தார். சுற்றுலாக்காரர்களை ஹெல்ஸ் பள்ளத்தாக்குக்குப் படகில் கூட்டிப்போகிறவர். பதினைந்து வருஷமாகக் கார்லிஸின் கை வைக்காத பிரேக்கில் அவர் மலை இறங்கியதில்லை. இப்போது டிரக்கை மாற்றியிருந்தார், மூன்று வருஷம் ஓடியதென்றாலும் கன்ட்ரோலர் உள்ளேயே இருக்கிற வண்டி. படகும் டிரெய்லரும் பழையவை. டிரெய்லரில் இருந்த பம்ப் பெட்டி பத்து வருஷத்துப் பெட்டி.

"டுவெய்ன் சும்மா இருக்கானா?" என்று என்னிடம் கேட்டார். "ஹால் சொன்னான், ரொம்பக் கெட்டிக்காரனாமே."

அவருக்குப் பின்னால் கார்லிஸ் நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவரும் சங்கடப்பட்டிருப்பார்.

டுவெய்ன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். எண்ணெயை மாற்றினான், டிரக்கின் திரையில் டிரெய்லர் வகையை மாற்றி வைத்தான், கடை முற்றத்தில் நாலு சுற்று ஓட்டிப் பார்த்தான். பிரேக் பிடித்த இடத்தில் நின்றது. கார்லிஸ் பக்கத்து மேடையில் காபிக் கோப்பையோடு நின்று பெட்டியின் மேலிருந்த எண்ணைப் படித்தாள். டிரக்கின் வருஷத்தையும் பார்த்தாள். இந்த இரண்டும் சேராது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரோஃபினோக்காரர் ஒருவருடைய வண்டியில் இதே ஜோடியோடு ஒரு மாதம் மல்லுக்கட்டியிருந்தாள். நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள்.

சங்கதி இதுதான். அந்த வருஷத்து டிரக் ஓடும்போது அவ்வப்போது நீல ஒயரில் ஒரு துளி மின்சாரம் அனுப்பி, பின்னால் டிரெய்லர் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். காந்த பிரேக் என்றால் பளிச்சென்று பதில் வரும். பழைய பம்ப் பெட்டியிலிருந்து பலவீனமாகத்தான் வரும். முற்றத்தில் நாலு சுற்றில் இது தெரியாது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு இறங்கும்போது, டிரக் ஒரு கட்டத்தில் பின்னால் டிரெய்லரே இல்லை என்று முடிவு கட்டி மின்சாரத்தை நிறுத்திவிடும். அப்புறம் நாலு டன்னையும் டிரக்கின் பிரேக் மட்டும் தனியாகச் சுமக்க வேண்டும். இதற்கு மருந்து சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்பு இணைப்பான். அதை நடுவே மாட்டினால், டிரக் தட்டும்போதெல்லாம் பெட்டி சார்பில் அது சத்தமாகப் பதில் சொல்லும். கார்லிஸின் இழுப்பறையில் அப்படி ஒன்று இருந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் செஞ்ச வண்டி திரும்பி வரட்டும்னு நெனைச்சேன்," என்று என்னிடம் சொன்னாள். மார்வ் அந்த டிரக்கை எங்கே ஓட்டுவார் என்பதை நினைக்கவில்லையா என்று கேட்டேன். "நெனைக்கக் கூடாதுன்னு நெனைச்சேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹால் கூடத்தில் தூண்டில்களை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு மார்வ் பிட்ஸ்பர்க் துறையில படகை இறக்கறார். டுவெய்னையும் என்னையும் கூப்பிட்டிருக்கார்."

"ஒயிட் பேர்ட் வழியாவா?"

"வேற வழி ஏது? பறந்தா போகமுடியும்?"

ஒயிட் பேர்ட் இறக்கம் ஏழு மைல். அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் வாயில் வந்தது வேறு. "என்னை யாரும் கூப்பிடலையே."

"உனக்கு மீன் பிடிக்கப் பிடிக்காதே கார்லிஸ்."

"கூப்பிட்டா வரமாட்டேன்தான். கூப்பிட்டிருக்கலாம்."

ஹால் அவளை விநோதமாகப் பார்த்துவிட்டுத் தூண்டிலுக்குத் திரும்பினான். அவள் படுக்கப் போய்விட்டாள்.

காலையில் எழுந்தபோது ஹால் கிளம்பியிருந்தான். அவன் குடித்த கோப்பை தொட்டியில் கிடந்தது. அதைக் கழுவப் போனவள், அவனுடைய போன் அடுப்பு மேடையில் சார்ஜில் கிடப்பதைப் பார்த்தாள். மறந்துவிட்டுப் போயிருக்கிறான். அவனை இனிக் கூப்பிட்டுச் சொல்ல முடியாது என்று அவளுக்கு உறைத்தது. இத்தனை நேரமும், எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்ற தைரியத்தில்தான் சொல்லாமலே இருந்திருக்கிறாள்.

மார்வுக்குப் போட்டாள். எடுக்கவில்லை. ஆறு மணிக்கு என்னைக் கூப்பிட்டாள்.

"டுவெய்ன் நம்பர் குடு."

"என்ன ஆச்சு? இந்நேரத்துல?"

"குடு வோண்டா, அப்புறம் சொல்றேன்."

கொடுத்தேன். அது அடிக்கவே இல்லை. மலைக்குள் போய்விட்டால் எங்கள் பக்கம் போன் வெறும் விளக்குதான். கடைச் சாவி அவளிடம் இருந்தது. இணைப்பானையும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவர்கள் ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தார்கள். ஆனால் அவர்கள் பாரம் இழுத்துக்கொண்டு போகிறார்கள். தவிர, கிரேஞ்ச்வில்லில் நிறுத்திச் சாப்பிடாமல் மார்வ் எந்த மலையும் ஏறியதில்லை. அந்த நம்பிக்கையில் வின்செஸ்டர் ஏற்றத்தை அவள் எண்பது மைல் வேகத்தில் ஏறினாள்.

வழியெல்லாம் தன் மனசில் ஓடியதை அவள் மறைக்காமல் சொன்னாள். ஹாலுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியிலேயே இன்னொன்றும் இருந்ததாம். வழியில் எங்காவது அந்தப் பிரேக் ஒரு தடவை காலை வாரியிருக்க வேண்டும், பெரிதாக ஒன்றும் ஆகாமல், டுவெய்ன் முழித்துக்கொண்டு நிற்க வேண்டும், தான் போய் இறங்க வேண்டும் என்று. "காப்பாத்தப் போறப்பவும் அதே புத்தி," என்றாள்.

அவள் ஆசைப்பட்டபடியே நடந்திருந்தது. ஒயிட் பேர்ட் உச்சியில் சாலையோரம் சரளை போட்ட இடத்தில் மார்வின் டிரக் நின்றது. டுவெய்ன் டிரெய்லர் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு முனையாகச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஹால் இனிப்பு ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"நீ எங்க இங்க?" என்றான் ஹால்.

அவள் நேரே டுவெய்னிடம் போனாள். "பிளக்கை விடு. அதுல ஒண்ணும் இல்ல."

"லாயர்ஸ் பள்ளத்துல ரெண்டு தடவை டிரெய்லர் இல்லைன்னு திரையில வந்துது மேடம். பிளக்கை ஆட்டினதும் சரியாயிடுச்சு."

"ஆட்டினதால சரியாகல. வண்டியை நிறுத்தினதால சரியாச்சு. இந்த டிரக்குக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒத்துவராது. கீழ இறங்கினா பாதி வழியில பிரேக்கை விட்டுடும்." பையிலிருந்து இணைப்பானை எடுத்து நீட்டினாள். "இது வேணும் நடுவுல."

மார்வ் நெருங்கி வந்தார். மெதுவாகப் பேசுகிற மனுஷர். "இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும் கார்லிஸ்?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். இன்று காலையில்தான் நோட்டைப் புரட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு வரைக்கும் வந்ததாம்.

"வியாழக்கிழமைலேர்ந்து."

"வியாழக்கிழமை நீ பக்கத்துல காபி குடிச்சிட்டு நின்னே."

"ஆமா."

ஒரு மரலாரி எஞ்சின் உறும இறக்கத்தில் இறங்கிப் போனது. டுவெய்ன் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தான். அவன் கத்தியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் இணைப்பானை வாங்கித் திருப்பிப் பார்த்து, "எந்த ஒயர் எங்க போகும்?" என்று கேட்டான்.

அவள் சொல்லச் சொல்ல அவன் சரளையில் மல்லாந்து படுத்து ஒயரைச் சேர்த்தான். நாற்பது நிமிஷம் ஆனது. உச்சிச் சரிவில் மேலும் கீழுமாக மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்கள். திரை ஒரு தடவையும் முரண்டு பிடிக்கவில்லை.

கிளம்பும்போது ஹால் அவளிடம் வந்தான். "நான் இந்த வண்டியிலதான் போறேன்னு நேத்து சாயங்காலமே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் நீ படுக்கப் போயிட்டே."

அவன் தன்னோடு ஊருக்குத் திரும்புவான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் மார்வின் டிரக்கில் ஏறிக் கதவைச் சாத்தினான். அவள் அவர்களுக்குப் பின்னால் ஏழு மைலும் இறங்கினாள். டிரெய்லர் சக்கரத்தில் புகை வருகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே போனாள். ஒன்றும் வரவில்லை. ஆற்றோரத்தில் அவர்கள் துறைப் பக்கம் திரும்பியதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதாள். பின் தனியாக வீடு திரும்பினாள்.

திங்கட்கிழமை டுவெய்ன் முதலாளியிடம் போய்ச் சொல்வான் என்று காலையிலிருந்து காத்திருந்தாள். அவன் பாட்டுக்கு வேலை பார்த்தான். மதியம் வரை பொறுத்துவிட்டு என் கவுண்டருக்கு வந்து நின்றாள். அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"வாயைத் திறக்க மாட்டேங்கிறான் வோண்டா. போட்டுக்கொடுத்திருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். நல்லவனா இருக்கறதுலகூட என்னை முந்தணுமா அவன்?"

பத்து நிமிஷம் கழித்துத் தானே கோர்டியின் அறைக்குப் போய்ச் சொன்னாள். கோர்டி இரண்டு வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னார். திரும்பி வரும்போது அந்த நோட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்து எல்லோர் கண்ணிலும் படுகிற சுவரில் ஒட்ட வேண்டும் என்றார். ஒட்டினாள். டுவெய்ன் படித்துப் பார்த்து, கடற்கரைப் பக்கம் தான் பார்த்த ஜோடிகளை அடியில் ஏழு வரியில் எழுதினான். அதில் மூன்று அவளுக்குத் தெரியாதவை. அந்த மூன்று வரியை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று எனக்குத் தெரியும், என் நாற்காலிக்கு எதிர்ச் சுவர் அது.

மார்வ் மறுபடி அவளிடம் வரவில்லை. இப்போதும் கடைக்கு வருகிறார், தலையசைக்கிறார், டுவெய்னைக் கேட்கிறார். அது அவளுக்குக் கிடைத்த தண்டனை, சரிதான் என்று அவளே சொல்கிறாள்.

ஹால் ஒரு வாரம் தனக்குத் தானே சமைத்துக்கொண்டான். எட்டாவது நாள் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"அவன் சொன்னா வாயைப் பொளந்து கேக்கறே. இருபத்தாறு வருஷமா நானும் அதே வேலைதான் பாக்கறேன்."

"நீ எப்ப சொன்னே?" என்றான் ஹால். "வீட்டுக்கு வருவே, பூட்ஸைக் கழட்டுவே. எப்படிப் போச்சுன்னு கேட்டா, 'வேலைதான்'னு சொல்லுவே. அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. பூட்டி வெச்சுக்கறது உனக்குப் பழக்கம். நான் என்ன, சாவி வெச்சிருக்கேனா?"

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், ஒரு டிரக்கும் ஒரு பெட்டியும் ஏன் சண்டை போட்டன என்று முதல் முறையாக அவனுக்கு விளக்கினாள். பாதியில் ஹால் தூங்கிவிட்டான். டுவெய்ன் சொல்லியிருந்தால் தூங்கியிருக்க மாட்டான் என்று என்னிடம் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஹால் அடுத்த நாள், "நேத்து எதுல விட்டே?" என்று கேட்டானாம்.

போன மாதம் பக்கத்து ஊரான மாஸ்கோவிலிருந்து ஒருவர் பம்ப் பெட்டி வைத்த குதிரை டிரெய்லர் கொண்டு வந்தார். டுவெய்ன் காய்ச்சலில் படுத்திருந்தான். கார்லிஸ் பார்த்து, இந்த டிரக்கோடு இந்தப் பெட்டி சேராது, வேறு பெட்டி போட வேண்டும் என்றாள். அவர் தயங்கினார். "தப்பா நெனைக்காதீங்க. டுவெய்ன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

அவள் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். பிறகு என் மேஜையிலிருந்த போனை எடுத்து, டிரக்கின் வருஷத்தையும் பெட்டியின் எண்ணையும் அவனுக்குப் படித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டாள். "சூப் குடிச்சியா?" என்று கடைசியில் கேட்டுவிட்டு வைத்தாள்.

"அவனும் அதைத்தான் சொல்றான்," என்றாள் வந்தவரிடம்.

அவர் திருப்தியாகப் போய் உட்கார்ந்தார். கார்லிஸ் என் பக்கம் குனிந்தாள்.

"வயிறு எரியுது வோண்டா," என்றாள், வந்தவருக்குக் கேட்காமல். பெட்டியைக் கழற்றப் போனாள்.